காசு கொடுத்து நாற்று நட்ட கதை

லாவோஸ் போகிறோம் என்றால் நம் தெருவில் யாருக்கும் பொறாமை வருவதில்லை. சிங்கப்பூர் என்றால் கோடாலித் தைலம் கேட்பார்கள். துபாய் என்றால் பேரீச்சம்பழம். லாவோஸ் என்றதும் எதிர்வீட்டுக்காரர், "மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாச்சா?" என்று அக்கறையோடு விசாரித்தார். ஆப்பிரிக்கா இல்லை சார், தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் நடுவில் இருக்கிறது என்றேன். "எங்கே இருந்தா என்ன, உடம்பைப் பார்த்துக்குங்க" என்று கேட்டைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் போனது லுவாங் பிரபாங். மேக்கோங் ஆற்றோடு நாம் கான் ஆறு வந்து கலக்கும் இடத்தில், இரண்டு கரைக்கும் நடுவே ஒடுங்கி நீளும் ஊர். ஒரு காலத்தில் ராஜா இருந்த தலைநகரம். தெருவுக்கு நாலு கோயில், கோயிலுக்கு நடுவே பிரெஞ்சுக்காரர்கள் கட்டிவிட்டுப் போன மாடி வீடுகள். 1995-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதற்கப்புறம் அந்த ஊரில் சும்மா இருக்க யாருக்கும் அனுமதி இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் எதையாவது "அனுபவித்தே" ஆக வேண்டும்.

மனைவி ஒரு நோட்டில் பட்டியல் போட்டு வைத்திருந்தாள். விடியுமுன் எழுந்து பிட்சுகளைப் பார்ப்பது, மலைப்படி ஏறுவது, தறியில் உட்காருவது, சேற்றில் இறங்கி நாற்று நடுவது. கூட வந்திருந்த மாமனார் இதைக் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். மன்னார்குடிப் பக்கம் ஆயுசு முழுக்க நெல் விவசாயம் செய்து, போதும்டா சாமி என்று நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்களோடு சென்னையில் இருப்பவர்.

"இந்த வேலையெல்லாம் செய்யக் கூடாதுன்னுதானேம்மா உன்னை பி.இ. படிக்க வெச்சேன்?" என்றார்.

"அப்பா, இது வேலை இல்லை. கலாசாரம்."

முதலில் அவரை அசைத்தது கலாசாரம் அல்ல, கரன்சி. ஒரு டாலருக்கு 21,000 கிப் சுமாருக்குக் கிடைத்தது. நூறு டாலரை மாற்றியதும் கையில் இருபத்தோரு லட்சம். இருப்பதிலேயே பெரிய நோட்டு ஒரு லட்சம் கிப். நெல் விற்றபோதுகூட இவ்வளவு சைபர்களை ஒருசேரப் பார்த்ததில்லை என்று பரவசப்பட்டார். அந்தப் பரவசம் முதல் காபி வரைதான் நீடித்தது. பில்லைப் பார்த்தவர், "முப்பதாயிரமா! ஒரு காபிக்கா!" என்று எழுந்தே விட்டார். வகுத்துக் கழித்து ரூபாயில் சொல்லி உட்கார வைத்தேன். அதற்குள் காபி ஆறிவிட்டது.

பட்டியலில் முதல் அயிட்டம், தக் பாத். தினமும் விடியற்காலையில் ஒவ்வொரு கோயிலிலிருந்தும் பிட்சுகள் காவி உடுத்தி, கழுத்தில் பாத்திரம் தொங்க, வெறுங்காலோடு வரிசையாக வருவார்கள். பாதிப் பேர் சின்னப் பையன்கள். கிராமத்திலிருந்து படிப்புக்காகக் கோயிலில் சேர்ந்தவர்கள். ஊர்க்காரர்கள் தெருவோரம் பாய் விரித்து முட்டி போட்டு உட்கார்ந்து, மூங்கில் கூடையிலிருந்து ஒரு கிள்ளு சோறு எடுத்து ஒவ்வொரு பாத்திரத்திலும் இடுகிறார்கள். யாரும் பேசுவதில்லை. சில பிட்சுகள் வாங்கியதிலிருந்து கொஞ்சம் எடுத்து, காலிக் கூடையோடு உட்கார்ந்திருக்கும் ஏழைக் குழந்தைகளுக்கும் போட்டுவிட்டுப் போகிறார்கள். வாங்கிக்கொண்டே கொடுப்பது. இதைப் பார்த்ததும் மாமா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

ஆனால் எங்களுக்கும் பிட்சுகளுக்கும் நடுவில் ஒரு சுற்றுலாப் படையே நின்றது. தோளை மூடுங்கள், ஃபிளாஷ் போடாதீர்கள், கிட்டே போகாதீர்கள் என்று ஊர் முழுக்கப் போர்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் போர்டையே ஒருவர் ஃபிளாஷ் போட்டுப் படமெடுத்துக்கொண்டிருந்தார். ஒரு அம்மணி கையில்லாத பனியனில், பத்து வயசுப் பையன் முகத்துக்கு நேரே போனை நீட்டியபடி பின்னாலேயே நடந்தார்.

"கல்யாணத்துல தாலி கட்டறப்போ வீடியோக்காரன் முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பானே, அந்த மாதிரி இருக்கு மாப்ள" என்றார் மாமா. எனக்கும் அதற்கு மேல் சொல்லத் தோன்றவில்லை.

அன்றைக்கே அரண்மனையையும் முடித்தோம். 1904-ல் பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் கட்டியது. 1975-ல் ராஜாவை அனுப்பிவிட்டு மியூசியம் ஆக்கிவிட்டார்கள். ஊருக்குப் பெயர் கொடுத்த பிரபாங் புத்தர் இந்த வளாகத்தில்தான் இருக்கிறார். 83 சென்டிமீட்டர்தான் உயரம். இலங்கையில் வார்த்தது என்பது அவர்கள் சொல்லும் ஐதீகம். உள்ளே, வெளிநாட்டு அரசாங்கங்கள் ராஜாவுக்கு அனுப்பிய பரிசுகளை நாடுவாரியாக அடுக்கியிருக்கிறார்கள். அமெரிக்கா கொடுத்தது நிலாவிலிருந்து கொண்டுவந்த கல். மாமா கண்ணாடிக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். "இவ்வளவு தூரம் போய் இத்தனூண்டு எடுத்துட்டு வந்தானா?"

வாட் சியெங் தோங் கோயிலைப் பற்றிக் குறும்பு பண்ண மனசு வரவில்லை. சேத்தாதிராத் மன்னர் 1560 வாக்கில் கட்டியது. கூரை அடுக்கடுக்காகச் சரிந்து, தலையில் இடிக்குமோ என்று பயப்படும் அளவுக்குத் தாழ்ந்து வருகிறது. பின்சுவர் முழுக்கச் சிவப்புப் பரப்பில் வண்ணக் கண்ணாடித் துண்டு பதித்த பெரிய மரம். மாலை வெயில் பட்டால் மரத்தடியில் இருக்கும் மயில்கூட அசைவது போலிருக்கிறது. மாமா அங்கே பேசவே இல்லை. முழங்கால் வலி என்று மட்டும் நினைத்தேன். படம் பிடித்துக் கொடு என்று தானாகக் கேட்டபோதுதான் புரிந்தது.

அரண்மனைக்கு எதிரே பூ சி குன்று. முந்நூறு படிக்கு மேல். அஸ்தமனம் பார்க்க ஊரில் இருக்கிற வெள்ளைக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் ஏறுகிறார்கள். அடிவாரத்தில் உள்ளங்கை அகல ஓலைக்கூண்டில் குருவிகளை அடைத்து விற்கிறார்கள். வாங்கி மேலே போய்ப் பறக்கவிட்டால் புண்ணியம்.

"பிடிச்சது யாரு?" என்று கேட்டார் மாமா.

"அவங்கதான்."

"அப்ப பாவம் அவன் கணக்கு, புண்ணியம் நம்ம கணக்கு, காசு மட்டும் அவனுக்கா?" என்று கேட்டுவிட்டு, குருவி வாங்காமல் என்னைவிட வேகமாகப் படியேறிவிட்டார். நான் மூச்சிரைக்க மேலே போனபோது சூரியன் பாதி இறங்கியிருந்தது. எனக்கு முன்னால் இருநூறு போன்கள் இருந்தன. அவற்றின் திரைகளில் மேக்கோங் அஸ்தமனம் பிரமாதமாகத் தெரிந்தது.

தறி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மனைவி இதைப் படிப்பாள். சாயம் எல்லாம் செடி, பூச்சியிலிருந்து எடுப்பது. அவுரியில் நீலம், அரக்கில் சிவப்பு. அரைநாள் தறியில் உட்கார்ந்து அவள் நெய்தது மேஜையில் ஒரு தட்டு வைக்கிற அளவு துணி. அவள் நாலு இழை போட்டால் டீச்சர் சிரித்த முகத்தோடு மூன்று இழையைப் பிரித்தார். இரவுச் சந்தையில் அதைவிட நல்ல துணி பாதி விலைக்குக் கிடைத்தது என்ற தகவலை நான் ஊர் திரும்பும் வரை வெளியிடவில்லை.

இனி நெல் வகுப்பு. ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில், விதை தேர்வதிலிருந்து சோறாக்கித் தின்பது வரை 14 கட்டமாகச் சொல்லித் தருகிறார்கள். பாத்திக்குப் பாத்தி பயிர் வேறு வேறு வயசில் நிற்பதால் நாலு மாச வேலையை ஒரு காலை நேரத்தில் செய்துவிடலாம். ஆளுக்கொரு மூங்கில் தொப்பி கொடுத்தார்கள். எங்களோடு ஒரு ஜெர்மன் தம்பதி, சில ஆஸ்திரேலியப் பெண்கள். கட்டணத்தைக் கேட்ட மாமா, வரப்பில் நின்று அதை நடவாள் கூலியால் வகுத்துப் பார்த்தார். விடையைச் சொல்லவில்லை. முகம் சொன்னது.

முதல் கட்டம், விதைத் தேர்வு. வாளித் தண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்கி, ஒரு முட்டையை விட்டார் பயிற்சியாளர். முட்டை மிதக்கும் வரை உப்பு போட வேண்டும். பிறகு முட்டையை எடுத்துவிட்டு விதையைக் கொட்டினால் சொத்தை மிதக்கும், நல்லது அடியில் தங்கும். ஜெர்மானியர்கள் குறிப்பெடுத்தார்கள். மாமாவுக்குக் கண்கள் விரிந்தன. "நம்ம வேளாண்மை ஆபீசரும் இதையேதான் சொன்னார் மாப்ள! நாங்க முட்டையைப் பொரிச்சுத் தின்னுட்டோம்."

அடுத்து ஏர். ஒற்றை எருமை. லாவோ பாஷைதான் அதற்குப் புரியும் என்றார் பயிற்சியாளர். மாமா நாக்கைத் தட்டி ஒரு சத்தம் கொடுத்தார். எருமை நடந்தது. கைதட்டல். அந்த நிமிஷத்திலிருந்து வகுப்பை மாமா எடுத்துக்கொண்டார். ஆஸ்திரேலியப் பெண் ஒருத்தி சேற்றில் வழுக்கி உட்கார்ந்து சிரித்தாள். "சிரிக்காதம்மா, நாத்து மேல உக்காந்திருக்க" என்று தமிழிலேயே அதட்டினார். அவள் எழுந்து மன்னிப்புக் கேட்டாள். "குத்துக்கு ரெண்டு நாத்து போதும்! ஆழமா ஊணாதே! பின்னாலயே நட!" என்று வரப்பிலிருந்து கட்டளைகள் பறந்தன. கையைக் கையை ஆட்டிச் சொன்னதில் எல்லோருக்கும் எல்லாம் புரிந்தது. பயிற்சியாளரும் தலையாட்டினார். முழங்கால் சேற்றில் நின்ற மனைவிதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, நீங்க என்னிக்கு நட்டீங்க?"

வரப்பு அமைதியானது. டெல்டாவில் நடவு பெண்கள் வேலை. நாற்றுப் பறிப்பதும் முடி கட்டிச் சுமப்பதும் ஆண்கள் வேலை என்றாலும், சொந்த நிலக்காரர் அதையும் செய்வதில்லை. மாமா நாற்பது வருஷமும் குடை பிடித்து வரப்பில்தான் நின்றிருக்கிறார். பயிற்சியாளருக்கு விஷயம் புரிந்ததோ என்னமோ, ஒரு நாற்று முடியைக் கொண்டுவந்து ரொம்ப மரியாதையாக அவர் கையில் கொடுத்தார்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு வரிசைதான் நட்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது அந்த வரிசை மேக்கோங் பக்கமாக வளைந்து போயிருந்தது. பண்ணைக்கார அம்மாள் ஒருத்தி சத்தமில்லாமல் பின்னாலேயே வந்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கி நேராக நட்டுக்கொண்டே போனாள்.

"எங்க பக்கம் கயிறு பிடிச்சு வரிசையா நடறதில்லை" என்றார் மாமா. யாரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் அறுப்பு, அடிப்பு, தூற்றல், காலால் மிதித்துக் குத்தும் உரல் எல்லாவற்றுக்கும் பேசாமல் வரிசையில் நின்றார். முறத்தில் மட்டும் மறுபடி ஜெயித்தார். ஒரே வீச்சில் பதர் தனியாகப் போனது. அவருடைய அம்மா சொல்லிக்கொடுத்தாராம்.

சாப்பாட்டுக்கு அவர்கள் ஊர் ஒட்டரிசி. வேகவைப்பதில்லை, இரவெல்லாம் ஊறவைத்து, மூங்கில் கூம்புக் கூடையில் கொட்டி ஆவியில் அவிக்கிறார்கள். செட்டிநாட்டுக் கவுனி அரிசி தின்றவர்களுக்கு அந்தப் பிசுபிசுப்பு பழக்கமாக இருக்கும். கையால் உருட்டி, மிளகாய்த் துவையலில் தொட்டுத் தின்ன வேண்டும். கூடவே ஆற்றுப் பாசியை எள்ளு தூவிக் காயவைத்துப் பொரித்த அப்பளம். மாமா துவையலை மூன்றாம் முறை கேட்டு வாங்கிய பிறகு, அதில் எருமைத் தோல் போட்டிருக்கிறது என்றேன். பண்ணையில் நின்ற எருமையைத் திரும்பி ஒருமுறை பார்த்தார். "காரம் நல்லா இருக்கு" என்று சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

கடைசி ராத்திரி, அரண்மனை வளாகத்து அரங்கில் ராமாயண நாட்டியம். பிரா லக் பிரா லாம் என்று பெயர்; அவர்கள் லட்சுமணனை முதலில் சொல்கிறார்கள். தங்க நிற மகுடம், குரங்குக்கும் அரக்கருக்கும் முகமூடி, காலைத் தூக்கினால் இறக்க அரை நிமிஷம் ஆகும் நிதானம். மாமா கோயில் பிரசங்கத்தில் கம்பனைக் கேட்டு வளர்ந்தவர். லாவோ ராமாயணத்தில் சீதை ராவணனின் மகள் என்று மனைவி காதோடு சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப இது மாமனார் மாப்பிள்ளை சண்டையா?"

அப்படியும் சொல்லலாம் என்றேன். மேடையில் ராவணன் விழுகிற வரை என்னை ஓரக்கண்ணால் பார்த்தபடியே இருந்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் போங்கள்; மார்ச், ஏப்ரலில் மலையில் காட்டை எரித்துச் சாகுபடிக்குத் தயார் செய்வதால் ஊரெல்லாம் புகை. தக் பாத்தை எதிர் நடைபாதையில், போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பாருங்கள். குருவி வாங்காதீர்கள். நெல் வகுப்புக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கூட ஒரு டெல்டாக்காரர் வந்தால் வகுப்பு முடிய அரை மணி நேரம் கூடுதலாகும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.