நாய்நீர் இலக்கணம்

பாயிரம்

நூல் என்று ஒன்று எழுதப் புகுந்தால் பாயிரம் சொல்லியே ஆகவேண்டும். முறைப்படி சொல்லிவிடுகிறேன்.

ஆக்கியோன்: சென்னைப் புறநகரில் மூன்றாம் மாடி வீடொன்றில் ஒன்றரை மாதம் மாப்புக் கட்டையும் கையுமாக நின்றவன். எல்லை: வடக்கே பால்கனி, தெற்கே அடுப்படி, கிழக்கே சோபா, மேற்கே செருப்பு ஸ்டாண்ட்; இவற்றுக்கு உட்பட்ட 650 சதுர அடி. நுதலிய பொருள்: வளர்ந்த நாய் வீட்டுக்குள் சிறுநீர் கழித்தல். கேட்போர்: விடியற்காலையில் விளக்கைப் போடாமல் ஹாலைக் கடந்து, உள்ளங்காலில் ஏதோ ஈரம் பட்டு, அடுத்த அடி வைக்காமல் அப்படியே நின்றவர்கள். பயன்: தரை காய்தல்.

குட்டிகள் இந்நூலுக்குப் புறம்பு. குட்டிக்கு எத்தனை மாத வயதோ, ஏறத்தாழ அத்தனை மணி நேரம்தான் அதன் சிறுநீர்ப்பை தாங்கும். அதைக் கோபிப்பது தொட்டில் பிள்ளையைக் கோபிப்பது போல. வெளியே போய்வந்து நன்றாகப் பழகிய நாய் ஒருநாள் வீட்டுக்குள்ளேயே ஒன்றுக்கு இருந்துவிட்டால், அங்கேதான் இலக்கணத்துக்கு வேலை.

எடுத்துக்காட்டுக்குப் பல வீடு ஏறி இறங்கவில்லை. எங்கள் செல்லி ஒருத்தியே போதும். நாட்டு நாய், வயது 7, எடை 20 கிலோ, கருத்தடை ஆனவள். ஆறு வருஷம் ஹாலில் ஒரு சொட்டு விட்டதில்லை. தங்கை தலைப்பிரசவத்துக்கு வந்து, குழந்தையும் வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம் நூலுக்கான தேவை எழுந்தது.

அளவை இயல்

ஈரத்தைக் கண்டதும் துடைப்பது பாமரர் வழக்கு. அளந்துவிட்டுத் துடைப்பது புலவர் வழக்கு. அளவு நான்கு வகைப்படும்.

துளி: நாய் அறியாமல் கசிவது. கோடு: செங்குத்தான பொருளின் மேல் பட்டு வழிவது, சோபாக் கால், கதவு நிலை, கேஸ் சிலிண்டர் இதற்கு இடம். குட்டை: வந்தவர் காலடியில் தேங்குவது. ஏரி: நிறைந்த பை முழுவதும் மதகு திறந்துகொண்டது.

ஆரோக்கியமான நாய், எடையில் கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் 20 முதல் 40 மில்லி வரை கழிக்கும். செல்லிக்கு அது 400 முதல் 800. பால் பாக்கெட் கணக்கில் ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை. குடிப்பதற்கும் அளவு உண்டு. கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் ஒரு நாளில் குடித்தால் அது தாகம் என்ற கணக்கைத் தாண்டிவிட்டது, நோய்க் கணக்கு. காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலை மிச்சத்தை அளந்தால் தெரிந்துவிடும்.

காலத்துக்கும் அளவை உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் பேட்ரிஷியா யாங்கும் டேவிட் ஹூவும் கண்டபடி, 3 கிலோவுக்கு மேற்பட்ட பாலூட்டிகள் பையைக் காலி செய்யச் சராசரியாக 21 நொடி எடுக்கின்றன. நாயும் யானையும் இதில் ஏறக்குறைய சமம். 2015-இல் இதற்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. 21 நொடியில் அடுப்படியிலிருந்து “ஏய் ஏய் ஏய்” என்று கத்திக்கொண்டு ஹாலுக்கு வந்து சேரலாம். சேர்ந்து என்ன செய்வது என்பதை அந்த ஆய்வு கூறவில்லை.

திணை இயல்

தமிழர் காதலையே ஏழு திணையில் அடக்கியவர்கள். நாய்நீர் அடங்காதா?

குறிஞ்சி, கூடல். அழைப்பு மணி அடித்ததும் வாலோடு இடுப்பும் சேர்ந்து ஆட, வந்தவர் காலடியில் குட்டை. மாமா வந்தால்தான் இது அதிகம், வாசலிலேயே “யாரு வந்திருக்கா பாரு!” என்று கச்சேரி ஆரம்பிப்பவர் அவர். மருந்தும் மாமாவுக்குத்தான். உள்ளே வந்து ஐந்து நிமிடம் நாயைப் பார்க்காமல், பேசாமல் இருக்கவேண்டும். பிறகு பக்கவாட்டில் குந்தி, தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகாமல் நெஞ்சைத் தடவலாம்.

முல்லை, இருத்தல். வளர்ந்த நாய் 6 முதல் 8 மணி நேரம் பொறுக்கும். காலை 7 மணிக்குச் சிறுசேரிக்குக் கிளம்பியவர் இரவு 9 மணிக்குத் திரும்பினால் 14 மணி நேரம் ஆகிறது. கதவைத் திறந்ததும் ஏரி. இத்திணையில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் இரண்டு காலில் நிற்பார். தீபாவளி இதன் ஒரு துறை: வெடிக்குப் பயந்து படி இறங்க மறுக்கும் நாய், சத்தம் ஓய்ந்த நள்ளிரவுக்குக் காத்திருந்து தோற்றுப்போகும். ஐப்பசி மழை மற்றொரு துறை: பாதம் நனையக்கூடாது என்று வாசல்படியிலேயே திரும்பிவிடும் பிரபுக்கள் அதில் அடங்குவர்.

மருதம், ஊடல். புதிதாக ஓர் ஆள், ஒரு நாய், ஒரு கட்டில் வந்தால் அதன் மேல் கோடு. வீட்டார் இதைப் பொறாமை என்பர். வல்லுநர் குறியிடல் என்பர். புது வாசனைக்கு நடுவே தன் வாசனையையும் வைத்து மனத்தைத் தேற்றிக்கொள்வது இது. ஆண் நாய்க்கே அதிகம், பெண்ணுக்கும் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தினர் 2018-இல் ஒரு நுட்பம் கண்டனர்: சிறிய ஆண் நாய்கள் காலை அதிகக் கோணத்தில் தூக்கி, தம் உயரத்துக்கு மீறிய இடத்தில் குறியிடுகின்றன. வார்டு வேட்பாளர் ஏணி போட்டுப் போஸ்டர் ஒட்டுவது போலத்தான். கருத்தடை உதவுமா என்றால், கலிபோர்னியாவின் டேவிஸ் வளாகத்தில் 1997-இல் வெளியான ஆய்வின்படி, 60 சதவீதத்துக்குக் குறையாத ஆண் நாய்களில் குறியிடுதல் பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தது. நாயின் வயதோ பழக்கத்தின் வயதோ பலனை மாற்றவில்லை. “இனிமே பண்ணி என்ன பிரயோஜனம்” என்பாருக்கு இது விடை.

நெய்தல், இரங்கல். இது நோய்த் திணை. சிறுநீர்த் தொற்று, பையில் கல், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, கருத்தடை ஆகாத பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் என்று பல துறை. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தாலும் ஏரி பெருகும். எலிக்காய்ச்சல் கண்ட நாயின் சிறுநீர் வழியே மனிதருக்கும் அது தொற்றும். துடைப்பவர் கையுறை போடுவது நல்லது.

பாலை, பிரிவு. ஆள் கிளம்பிய அரைமணிக்குள் அழுகை, கதவுப் பிறாண்டல், கூடவே ஏரி. ஆள் இருக்கும்போது ஒன்றும் இல்லை. செருப்பை மாட்டி, சாவியை எடுத்து, எங்கும் போகாமல் உட்கார்ந்துவிடுவதைப் பலமுறை செய்து காட்டவேண்டும். பிறகு ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று பிரிவைப் பழக்கவேண்டும். முற்றிய பாலைக்கு டாக்டர் மாத்திரை தருவார்.

கைக்கிளை, ஒருதலை. குரல் உயர்ந்ததும் காதை மடக்கி, வாலை இடுக்கி, மல்லாந்து சில சொட்டு விடுவது. நாயின் மொழியில் இதற்கு “மன்னிச்சிடு” என்று பொருள். எதிரில் இருப்பவர் இதற்கும் சேர்த்துத் திட்டுவார். அதனால் இன்னும் சில சொட்டு. ஒரு தரப்பு மட்டும் பேசிக்கொண்டிருப்பதால் இது கைக்கிளையாயிற்று.

பெருந்திணை, பொருந்தாமை. மூப்பு. எந்தக் கதவு வெளிக்கதவு என்பதே மறந்து, சுவர் மூலையில் முகம் வைத்து நிற்கும் கிழ நாய் இத்திணைக்கு உரியது. அதே டேவிஸ் வளாகம் 2001-இல் கணக்கெடுத்தபோது, 11, 12 வயது நாய்களில் 28 சதவீதமும் 15, 16 வயதில் 68 சதவீதமும் மறதிக்குரிய ஓர் அறிகுறியாவது காட்டின. அடிக்கடி கூட்டிப் போவதும், ராத்திரியில் ஒரு விளக்கு எரிவதும், வழுக்காத விரிப்பும் இதற்குப் பரிகாரம்.

பிறர் மதம் மறுத்தல்

அம்மா மதம்: பாட்டிலில் சொட்டு நீலம் கலந்த தண்ணீரை வைத்தால் நாய் அண்டாது. மறுப்பு: சிவப்பும் பச்சையும்தான் நாய்க்குப் பிரிந்து தெரியாது, நீலமும் மஞ்சளும் தெரியும். செல்லி பாட்டிலைக் கண்டாள். மோந்தாள். அதன் மேல் தலையைச் சாய்த்துத் தூங்கினாள்.

எதிர்வீட்டு மதம்: ஈரத்தில் மூக்கை வைத்துத் தேய்த்தால் புத்தி வரும். “தப்பு பண்ணோம்னு அதுக்கே தெரியுது சார், மூஞ்சியைப் பாருங்க!” மறுப்பு: அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் சோதித்தார். தப்பே செய்யாத நாயும், திட்டு விழுந்தால் அதே முகத்தைக் காட்டியது. அந்த முகம் நம் குரலுக்குப் பதில். மூக்கைத் தேய்த்தால் நாய் கற்பது ஒன்றே: இந்த ஆள் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் போய் இருக்கவேண்டும்.

சித்தப்பா மதம்: வாஸ்து. வீடு வடக்குப் பார்த்தது, நாய் குழம்புகிறது. இவரைச் சட்டென்று மறுக்க முடியவில்லை. செக், ஜெர்மன் ஆய்வாளர்கள் இரண்டு ஆண்டு 70 நாய்களின் பின்னால் நடந்து, 1,893 மலம், 5,582 சிறுநீர் குறித்துவைத்து, பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும்போது நாய்கள் வடதென் அச்சில் நின்று மலம் கழிக்க விரும்புகின்றன என்று 2013-இல் எழுதினர். இதற்கும் மறுவருடம் இக் நோபல். கேட்டதிலிருந்து சித்தப்பா நிமிர்ந்து நடக்கிறார். ஆனால் எந்தத் திசை என்றுதான் ஆய்வு சொல்கிறது. எந்த அறை என்று சொல்லவில்லை.

கரண இயல்

துடைத்தல் முதற்கரணம். மனித மூக்கில் வாசனை உணரிகள் 50, 60 லட்சம். நாய்க்கு 20 கோடிக்கு மேல். பினாயில் ஊற்றினால் நமக்கு வாசனை போய்விடும். நாய்க்கு அங்கே இரண்டு வாசனை இருக்கும். பழைய துணியை அழுத்தி முதலில் ஈரத்தை உறிஞ்சவேண்டும். பின் செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் நொதித் திரவத்தை ஊற்றி, பாட்டிலில் போட்ட நேரம்வரை ஊறவிட வேண்டும். பிளீச்சிங் கூடாது; சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு எழும்.

அழைத்துப் போதல் இரண்டாம் கரணம். எழுந்ததும், உண்டதும், விளையாடியதும், உறங்கும் முன்னும் ஒரே இடத்துக்குக் கூட்டிப் போகவேண்டும். முடித்த கணமே ஒரு பிஸ்கட் துண்டு. வீட்டுக்கு வந்து கொடுத்தால் அது வீட்டுக்கு வந்ததற்கான கூலி. முடித்ததும் கயிற்றை இழுத்துத் திரும்பிவிடுவது பெரும்பிழை. இருந்தால் உலா முடிந்துவிடும் என்று நாய் கணக்குப் போட்டு, அடக்கிவைத்து, வீட்டுக்கு வந்து திறக்கும்.

புறனடை

இத்தனையும் வகுத்தபின் செல்லியை எங்கே வைத்தோம் என்றால், மருதத்தில். குழந்தை வந்த பிறகு தொடங்கியது, ஆகவே பொறாமை. வீடே ஒருமனதாகத் தீர்ப்பு எழுதியது. குழந்தை இருக்கும் அறைப் பக்கம் அவளை விடவில்லை. காலையில் மிதியடி நனைந்திருந்தால் ஆளுக்கு ஒரு வார்த்தை சொன்னோம். அவள் கைக்கிளைக்கும் ஆளானாள்.

கடைசியில் டாக்டரிடம் போனோம். அவர் என் இலக்கணத்தைக் கேட்க உட்காரவில்லை. “எங்க நனையுது? நடக்கிற எடத்துலயா, படுக்கிற எடத்துலயா?”

“படுக்கிற எடத்துல.”

“அவ போறத யாராவது பாத்தீங்களா?”

ஒருவரும் பார்த்ததில்லை.

“காலையில மொத மூத்திரம் புடிச்சிட்டு வாங்க. கரண்டி வெச்சுப் புடிங்க, சுலபம்.”

சுலபமில்லை. மறுநாள் ஐந்தரை மணிக்கு, குழம்புக் கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு தெருவில் நின்றேன். செல்லி குந்தினாள். கரண்டியை நீட்டினேன். எழுந்து, கரண்டியை மோந்து, என்னை ஒரு பார்வை பார்த்து, மூன்றடி தள்ளிப் போனாள். பால் போடும் பையன் சைக்கிளை நிறுத்திக் காலூன்றி நின்றான். மூன்றாம் முறை கால் கரண்டி கிடைத்தது. கழுவிக் காயவைத்த பாட்டிலில் ஊற்றி, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தொற்று இல்லை, சர்க்கரை இல்லை. கருத்தடை ஆன பெண் நாய்களில் சிலவற்றுக்கு, சில வருஷம் கழித்து ஹார்மோன் குறைவால் பைவாய்த் தசை தளர்ந்து, தூக்கத்தில் கசியும் என்றார் டாக்டர். பெரிய உடம்புக்காரிகளிடம் அதிகம். அளவை இயலில் நானே முதலாவதாக எழுதிய துளி அது. இரவு முழுக்க அவள் படுத்த மிதியடி குடித்து ஊறியதால் ஏரியாகத் தெரிந்தது. குழந்தைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தசையை இறுக்கும் மாத்திரை தந்தார். பத்து நாளில் மிதியடி காய்ந்தது.

ஆகவே ஏழு திணையும் படித்தவர்கள் நான்காவதாக வந்த நெய்தலை முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்: பழகிய நாய் திடீரென்று வீட்டில் ஒன்றுக்கு இருந்தால், திட்டுவதற்கு முன் ஒரு பாட்டிலோடு டாக்டரிடம் போங்கள். அங்கே ஒன்றும் இல்லை என்று ஆனபிறகு மற்றத் திணைகளைப் புரட்டலாம்.

குழம்புக் கரண்டியை அம்மா அடுப்படிக்குள் விடவில்லை. அது பால்கனி ஆணியில் செல்லியின் கயிற்றோடு தொங்குகிறது.