டிக்கெட் இல்லாத பஸ்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே வருஷத்துக்கு ஒருநாள் விசேஷ பஸ் ஒன்று ஓடும். சக்கரம் இல்லை, சீட்டும் இல்லை. டிரைவர் உண்டு. ஆனால் அவரும் ஓடித்தான் ஆகவேண்டும்.

காம்ரேட்ஸ் மாரத்தான் என்பது அந்த ஓட்டத்தின் பெயர். தூரம் சுமார் 90 கிலோமீட்டர். ஒரு வருஷம் கடற்கரையிலிருந்து மேட்டுக்கு, மறு வருஷம் மேட்டிலிருந்து கடற்கரைக்கு. பன்னிரண்டு மணி நேரம் கெடு. கெடு முடிகிற விநாடியில் எல்லைக்கோட்டில் ஒருவர் துப்பாக்கியோடு நிற்பார், ஓடிவருகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. திரும்பிப் பார்த்தால் மனசு இளகி, விரல் தாமதிக்குமே! வெடித்ததும் பாதையை அடைத்துவிடுவார்கள். கோட்டுக்கு இரண்டடி முன்னால் தவழ்ந்துகொண்டிருப்பவரும் அந்த வருஷக் கணக்கில் ஓடாதவர்தான்.

இந்தத் துப்பாக்கிக்குப் பயந்து பிறந்ததுதான் பஸ். அனுபவப்பட்ட ஓட்டக்காரர் ஒருவர் இலக்கு நேரத்தை எழுதிய கொடியைப் பிடித்தபடி ஓடுவார். அவர்தான் டிரைவர். அவர் பின்னால் பெரும் கும்பலே சேரும். ஏற்றம் வந்தால் "நட" என்பார், எல்லோரும் நடப்பார்கள். "ஓடு" என்றால் ஓடுவார்கள். நடுநடுவே பாட்டும் உண்டு. யார் வேண்டுமானாலும் ஏறலாம், எங்கே வேண்டுமானாலும் இறங்கிக்கொள்ளலாம். காசு கேட்க கண்டக்டர் இல்லை.

டிரைவர் வேலை ஏதோ சுலபமான காரியம் என்று நினைத்தால் தப்பு. கொஞ்சம் வேகம் கூடினால் பின்னால் பாதிப் பேர் உதிர்ந்துவிடுவார்கள், குறைந்தால் துப்பாக்கி முந்திக்கொள்ளும். தனக்கென்று ஓடினால் எப்போதோ போய்ச் சேர்ந்து காலை நீட்டியிருப்பார். அதை விட்டுவிட்டு முன்பின் தெரியாதவர்களின் முட்டிவலியைக் கேட்டுக்கொண்டே வருகிறார். "இவ்வளவு மெதுவாகவா?" என்று காலையில் முண்டியடித்து முன்னே போன இளவட்டங்களை, மேட்டுக்கு ஓடுகிற வருஷமானால், சாயங்காலம் பாலி ஷார்ட்ஸ் என்னும் கடைசிப் பெரிய ஏற்றத்தில் பார்க்கலாம். சாலையோரத் தடுப்பைப் பிடித்தபடி நிற்பார்கள். பஸ் வரும். டிரைவர் ஒன்றும் கேட்கமாட்டார். அவர்களும் ஒன்றும் சொல்லாமல் ஏறிக்கொள்வார்கள்.

வழி நெடுகப் பந்தல் போட்டு, பாக்கெட் தண்ணீரும் உப்புப் போட்ட அவித்த உருளைக்கிழங்கும் கொடுப்பார்கள். காலையில் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்து, குடித்துத் துப்பிவிட்டு ஓடியவர், மத்தியானத்துக்கு மேல் அதே பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் கடிப்பது என்று யோசிக்கிறார். பக்கத்தில் ஓடுகிறவர் பிடுங்கி, தன் பல்லால் கிழித்துத் திருப்பிக் கொடுக்கிறார். சுத்தம் சுகாதாரமெல்லாம் முதல் முப்பது கிலோமீட்டரோடு சரி.

பஸ்ஸில் முடிகிற இந்தக் கதை ரயிலில் ஆரம்பித்தது. விக் கிளாபம் ரயில் எஞ்சின் டிரைவர். முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் நடையாய் நடந்து திரும்பியவர். மாண்ட தோழர்களின் நினைவாக ஏதாவது செய்யவேண்டும் என்று தோன்றியது. எல்லோரும் சிலை வைப்பார்கள், இவர் உயிரோடு இருந்தவர்களை ஓடவிட்டார். 1921 மே 24 அன்று 34 பேர் புறப்பட்டார்கள், 16 பேர் போய்ச் சேர்ந்தார்கள்.

மறு வருஷம் ஓடிய பில் பெய்ன் ரக்பி ஆட்டக்காரர். ரக்பி பூட்ஸையே மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். வழியில் நிறுத்தி முட்டையும் பன்றிக்கறியும் சாப்பிட்டார். அப்புறம் சக ஓட்டக்காரர் ஒருவரோடு சேர்ந்து கோழிக்குழம்பு. இத்தனைக்கும் எட்டாவதாக வந்தார். மறுநாள் ரக்பி ஆடப் போனார், கொப்புளம் பூட்ஸுக்குள் நுழையாததால் கான்வாஸ் ஷூவோடு. இன்றைக்கு ஜிம்முக்குப் போகுமுன் வாழைப்பழத்தை எடை போட்டுச் சாப்பிடுகிற தம்பிகள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.

டர்பன் பக்கத்தில் கோழிக்குழம்பு கிடைத்ததில் ஆச்சரியம் இல்லை. கரும்புத் தோட்ட வேலைக்கு மெட்ராஸிலிருந்து ஆட்களை ஏற்றிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்றே அங்கே போய்விட்டது. ஆனால் அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் சாலையோரம் நின்று கைதட்டலாம், நம்பர் குத்திக்கொண்டு ஓடமுடியாது. கறுப்பர்களுக்கும் பெண்களுக்கும் அதே கதை. தோழமை என்று பெயர் வைத்த ஓட்டத்தில் அவர்களை முறைப்படி சேர்த்துக்கொண்டது 1975இல்தான். அதற்காக அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1923இல் பிரான்சிஸ் ஹேவர்டு என்ற பெண்ணுக்கு அனுமதி மறுத்தார்கள். அவர் பாட்டுக்கு ஓடினார், 11 மணி 35 நிமிஷத்தில் முடித்தார். பதக்கம் தரவில்லை. கூட ஓடியவர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் சேர்ந்து வெள்ளியில் ஒரு டீ செட் வாங்கிக் கொடுத்தார்கள். பதக்கத்தில் டீ குடிக்கமுடியுமா என்ன! 1935இல் ராபர்ட் ம்ட்ஷாலி என்ற கறுப்பர் நம்பர் இல்லாமலேயே ஓடி முடித்தார். 1989இல் சாம் ட்ஷபலாலா முதல் கறுப்பின வெற்றியாளராக வந்தார்.

கூட்டம் அதிகம் பேசுவது வென்றவர்களைப் பற்றியல்ல, கடைசிப் பத்து நிமிஷத்தைப் பற்றி. தசை பிடித்து ஒருவர் நண்டு நடை நடக்கிறார். இரண்டு பேர் ஆளுக்கொரு அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறார்கள். அவர்களுக்கும் அதே துப்பாக்கிதான், அதே கடிகாரம்தான். தூக்கப்படுகிறவர் நன்றி சொல்லுவார் என்று பார்த்தால், "இன்னும் எத்தனை நிமிஷம்?" என்று அவர்களை விரட்டுகிறார்.

கோட்டைத் தாண்டியதும் புல்லில் மல்லாந்து, இனி ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் தலைவைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்கிறவர்கள் ஏராளம். ஏற்பாட்டாளர்கள் இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். முதல் வருஷம் முடித்தவர் அடுத்த வருஷமும் வந்து முடித்தால் கூடுதலாக இன்னொரு பதக்கம். போதாக்குறைக்கு அடுத்த வருஷம் ஓட்டம் எதிர்த்திசையில். இந்தத் தடவை ஏறினவருக்கு அடுத்த தடவை இறக்கம்தானே என்று ஒரு நப்பாசை. இறக்கம்தான் தொடையை அதிகமாகப் பதம்பார்க்கும் என்பது டிரைவருக்குத் தெரியும். கேட்டால் சொல்லுவார். யாரும் கேட்பதில்லை.