பந்தைத் தவிர எல்லாம் தெரியும்

ஹைதராபாத்தில் எங்கள் மாரேட்பள்ளி பக்கத்து வீட்டு மாமிக்கு டென்னிஸில் எத்தனை செட் என்று கேட்டால், "தோசைக்கல்லா?" என்பார். ஆனால் சானியா மிர்சா எந்தப் பக்கம் மூக்குத்தி போடுவார், பாவாடை எத்தனை அங்குலம், கல்யாணத்தில் என்ன பிரச்சினை, எல்லாம் அத்துப்படி. டிவி நடத்திய டென்னிஸ் வகுப்பில் இவ்வளவுதான் பாடத்திட்டம்.

சானியா 2005 பிப்ரவரியில் ஹைதராபாத் ஓபனை வென்றபோது வயது 18. டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண். அந்த வருஷமே அமெரிக்க ஓபனில் நாலாவது சுற்றுவரை போனார். உடனே அவர் உடையைப் பற்றி ஒரு ஃபத்வா வந்தது. கொடுத்தவரை அதுவரை அடுத்த தெருவுக்கே தெரியாது. சேனல்கள் புண்ணியத்தில் நாடறிந்தவரானார். அன்று ராக்கெட்டிலிருந்து இறங்கிய கேமரா, பிறகு மேலே ஏறவே இல்லை.

2008இல் பெர்த்தில் ஹாப்மன் கோப்பை. மேஜைமேல் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார், அருகே தேசியக்கொடி. படத்தில் இரண்டும் ஒட்டினாற்போல் தெரிந்தது. கோணத்தைத் தேர்ந்தெடுத்தது புகைப்படக்காரர், வழக்கு மட்டும் காலின்மேல்! இந்தியாவில் ஆடினாலே வம்பு என்று அந்த வருஷம் பெங்களூர் போட்டிக்கே அவர் வரவில்லை.

வசதியான வீட்டுப் பெண், சின்ன வயது, விளம்பரத்தில் கோடிகள். போதாதா? பணம் வாங்குகிறாளே, பேச்சும் வாங்கட்டும் என்பது நம் ஊர் நியாயம்.

உச்சகட்டம் 2010 ஏப்ரல். மாப்பிள்ளை பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் ஷோயப் மாலிக். தெலங்கானா தனி மாநில விவகாரம் கொதித்துக்கொண்டிருந்தது, அதை ஆராய ஸ்ரீகிருஷ்ணா கமிட்டி வேலையைத் தொடங்கியிருந்தது. சேனல்களுக்கோ ஒரே ஒரு இரும்பு கேட்தான் ஆந்திரப் பிரதேசம். சானியா வீட்டு வாசலில் ஓபி வேன்கள் வரிசைகட்டி நின்றன. கார் உள்ளே போனால் பிரேக்கிங் நியூஸ். அதே கார் வெளியே வந்தால் அதுவும் பிரேக்கிங் நியூஸ். எதுவும் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று நான்கு பேர் உட்கார்ந்து விவாதம். நானும் மாமி வீட்டு சோபாவில் உட்கார்ந்து அந்த கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமிக்கு வேறு கவலை: "அந்தப் பையன் மைக்கைப் பிடிச்சுண்டு இந்த வெயில்ல நிக்கறானே, யாராவது ஒரு டம்ளர் மோர் குடுத்தாளோ?" 12ஆம் தேதி தாஜ் கிருஷ்ணாவில் நிக்காஹ் முடிந்தது. வேன்கள் கலைந்தன.

2014இல் தெலங்கானா பிறந்ததும் அரசு சானியாவை விளம்பரத் தூதராக்கி ஒரு கோடி கொடுத்தது. பாகிஸ்தான் மருமகளுக்கு என்ன தகுதி என்றார் பாஜகவின் லட்சுமண். பிறந்தது மும்பையில் என்பதும் குற்றப்பத்திரிகையில் சேர்ந்தது. என் குடும்பம் நூறு வருஷத்துக்கும் மேலாக ஹைதராபாத்தில் இருக்கிறது என்று, தாத்தாவின் நிஜாம் ரயில்வே உத்தியோகம்வரை எடுத்துச் சொல்லி விளக்க வேண்டியிருந்தது. ரேஷன் கார்டு கேட்காததுதான் பாக்கி. செப்டம்பரில் அந்த மருமகள் அமெரிக்க ஓபன் கலப்பு இரட்டையரை வென்றார். அதே மாதம் இஞ்சியோன் ஆசியப் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கமும் வாங்கினார். அதற்கு விவாதம் வைத்ததாக மாமிக்கு ஞாபகம் இல்லை.

2016இல் சானியாவின் சுயசரிதை வந்தது. கையில் ஆறு கிராண்ட் ஸ்லாம், இரட்டையரில் உலகின் முதலிடம். பேட்டியெடுத்த ராஜ்தீப் சர்தேசாய், எப்போது செட்டில் ஆகப்போகிறீர்கள், குழந்தை எப்போது என்று கேட்டார். முதலிடத்தில் இருப்பதெல்லாம் செட்டில் ஆனதாகாதா என்று திருப்பிக் கேட்டார் சானியா. ஓர் ஆண் வீரரிடம் இதைக் கேட்டிருக்க மாட்டேன் என்று அங்கேயே மன்னிப்புக் கேட்டார் சர்தேசாய். கேட்டாரே, அந்த மட்டும் சந்தோஷம்.

மாமிக்கு மட்டும் ஆறவில்லை. "ஊர் பாக்கவா கேப்பா? நானா இருந்தா சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு, கையில காபியைக் குடுத்து, மெதுவாக் கேட்டிருப்பேன்" என்றார். பிறகு கூடத்தில் பஜனைக்கு வந்திருந்த அத்தனை பேரும் கேட்கும்படி என் பக்கம் திரும்பி, "அது சரி, உன் பொண்ணுக்குக் கல்யாணமாகி எத்தனை நாளாச்சு? விசேஷம் ஒண்ணும் இல்லையோ?" என்றார்.