பேராண்டி, கொஞ்சம் உச்சு கொட்டாம கேளு

ஏன்டா பேராண்டி, டிவில பொன்னியின் செல்வன் ஓடும்போது பக்கத்துல உக்காந்துக்கிட்டு "நாவல்ல இப்படி இல்ல"ன்னு மூச்சுக்கு மூச்சு சொன்னியே, பாவம் ஒன் ஆயா, விக்ரம் பேசுன வசனத்துல ஒண்ணையும் அவளால காதுல வாங்க முடியல. இருக்கட்டும். நீ படிச்சவன்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா? எனக்குத் தெரிஞ்ச யோசனை சொல்றேன், கேட்டுக்க. படம் ஆரம்பிச்ச ஒடனே வாயத் தொறக்காத. மொதல்ல ஒரு உச்சு கொட்டு. எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. அப்ப தலைய ரெண்டு ஆட்டு ஆட்டிட்டு, "மணிமேகலையவே தூக்கிட்டானுவ"ன்னு சொல்லு. யாரு மணிமேகலைன்னு எவனாவது கேட்டான்னா அன்னிக்கு ஒனக்கு வேட்டைதான்.

தூக்கினது வாஸ்தவந்தான். கந்தமாறன் தங்கச்சி, வந்தியத்தேவனையே நெனச்சு உருகிப்போன பொண்ணு, படத்துல கெடையாது. சேந்தன் அமுதன்தான் நெஜமான மதுராந்தகன்னு கல்கி கடைசியில போட்ட முடிச்சும் கெடையாது. ரகுமான் வேசங்கட்டுன மதுராந்தகன் தலையிலயே கிரீடத்த வச்சு மணிரத்னம் முடிச்சிட்டாரு. அஞ்சு பாகத்து நாவல 2022ல ஒரு படம், 2023ல ஒரு படம்னு அஞ்சரை மணி நேரத்துக்குள்ள அடைக்கணும்னா வேற என்னடா பண்ணுவான் மனுசன்?

நான் நம்ம விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில அச்சு வேல பாத்தவன். நெய்வேலி வெள்ளக்களிமண்ணுதான் நமக்குச் சோறு போட்டுது. பிளாஸ்டர் அச்சுல மண்ணுக்கூழ ஊத்தினா, அச்சு தண்ணிய உறிஞ்சி, ஓரமா ஒரு தடிப்புப் பிடிக்கும். அப்புறம் நடுவுல நிக்கற கூழத் திருப்பிக் கவுத்துடணும். கவுக்காம விட்டா அது பொம்ம இல்ல, மண்ணுருண்ட; சூளையில வெடிச்சுக்கூடப் போவும். கவுத்ததோட முடிஞ்சுதா? காயும்போது சுருங்கும், வேகும்போது இன்னும் சுருங்கும். அச்சு இருந்த அளவுக்கே சூளையிலேர்ந்து வெளிய வந்த பொம்மைய நான் பாத்ததில்ல. நீ கவுத்த கூழுக்கு அழுவுற. எனக்கு வருத்தம் வேற எடத்துல: சில பக்கம் தடிப்பு பிடிக்கறதுக்குள்ளயே கவுத்துட்டாங்க. கடலையே ஆண்ட பூங்குழலி படத்துல வெறும் ஓடக்காரியா நிக்கறா பாரு, அங்க கேளுடா கேள்விய.

சரி, கல்கி மட்டும் கவுக்கலையா? நம்ம பக்கத்துல காட்டுமன்னார்கோயில், உடையார்குடி. நாவல் தொடங்கற வீரநாராயண ஏரி, நம்ம வீராணம், அந்த ஊரு ஓரந்தான். அங்க கோயில்ல ஒரு கல்வெட்டு இருக்கு, ராசராசனோட ரெண்டாவது ஆட்சியாண்டுல வெட்டினது. ஆதித்த கரிகாலனக் கொன்ன துரோகிங்கன்னு சோமன், ரவிதாசன், பரமேசுவரன்னு பேரு சொல்லி, அவங்க ஒறவுக்காரங்க சொத்தப் பறிச்ச சேதி அதுல இருக்கு. கல்கி அதுலேர்ந்து ரவிதாசன எடுத்துக்கிட்டாரு. நந்தினிங்கற பாத்திரத்த அவரே உண்டாக்கினாரு. கரிகாலனக் குத்தினது யாருன்னு கடைசி வரைக்கும் வெளிச்சம் போடாம விட்டாரு. அந்தக் கல்லுக்கு மட்டும் வாய் இருந்தா, நாவலப் பாத்துட்டு "எங்கிட்ட இப்படி இல்ல"ன்னு ஒன்ன மாதிரியே உச்சு கொட்டும்.

இன்னொண்ணு. ஒங்கம்மா பாக்குற சீரியல ரப்பரா இழுக்கறான்னு ஏசுற. கல்கி 1950 அக்டோபர்ல ஆரம்பிச்சு 1954 மே வரைக்கும், மூணரை வருசம், வாராவாரம் 'தொடரும்' போட்டு நாட்டையே ஏங்க வச்சாரு. அதுக்கு நீ இலக்கியம்னு பேரு வச்சிருக்க. ஆனா ஒண்ணு சொல்லணும், மனுசன் முடிச்சாரு. முடிச்ச அதே வருசம் டிசம்பர்ல கண்ண மூடினாரு. நீ ராவெல்லாம் போன்ல பாத்தியே, கேம் ஆப் த்ரோன்ஸு, அத எழுதுன ஜார்ஜ் மார்ட்டின் 2011ல அஞ்சாவது புத்தகத்தக் குடுத்தாரு. நாடகக்காரன் ஆறாவதுக்குக் காத்துக் காத்துப் பாத்துட்டு 2019ல தானே ஒரு முடிவு கட்டிட்டான். அங்கத்த ரசிகனுக்குப் "புத்தகத்துல இப்படி இல்ல"ன்னு சொல்லக்கூட நாதியில்ல. ஒன் பொழப்பு எவ்வளவோ தேவல.

நொட்ட சொல்ல எடம் குடுக்காத விசயத்துல நம்மாளுங்க கெட்டி. எதிர்நீச்சல் சீரியல்ல ஆதி குணசேகரனா மெரட்டுன மாரிமுத்து 2023 செப்டம்பர்ல செத்துப்போனாரு. அந்த எடத்துக்கு யாரக் கொண்டாந்தாங்க? வேல ராமமூர்த்திய. குற்றப்பரம்பரை நாவல எழுதுன ஆளு! நாவல எடுத்தாத்தான நொட்ட சொல்லுவான்னு, நாவலாசிரியரையே தூக்கி உள்ள வச்சிட்டாங்க. இதுக்கு உச்சு கொட்டு பாப்போம்.

நம்ம ஊரு எழுத்தாளருங்க கதைக்குச் சீரியலாகற ஆபத்து இன்னும் வரல. இமையம் இங்கதான் இருக்காரு, 'செல்லாத பண'த்துக்கு 2020க்கான சாகித்திய அகாதமி வாங்கினவரு. மணக்கொல்லை கண்மணி குணசேகரன் பஸ் டெப்போவுல வேல பாத்துக்கிட்டே எழுதினவரு. அவரோட 'அஞ்சலை'ய எவனாவது சீரியலா எடுத்தா, கூலிக்குப் போற பொம்பளைக்குப் பட்டுப்பொடவ கட்டி, தூங்கும்போதும் மல்லிப்பூ வச்சு, மாடிப்படியிலேர்ந்து எறக்குவான். அன்னிக்கு நீ கத்து, நானும் கூடச் சேந்து கத்தறேன்.

கடைசியா ஒண்ணு. செம்பியன் மாதேவியா வந்த ஜெயசித்ராவுக்கு வசனம் பத்தலன்னு ரகள பண்ணினியே. நெஜ செம்பியன் மாதேவி கருங்கல்லுல எடுத்துக் கட்டினது எந்தக் கோயிலு தெரியுமா? நம்ம பழமலைநாதர் கோயிலுதான்டா! தெனம் பைக்குல தாண்டிப் போற, கழுத்தத் திருப்பினதில்ல. இன்னிக்குச் சாயங்காலம் உள்ள போயி நின்னு நிதானமா பாத்துட்டு வா. ஒன் ஆயாவையும் கூட்டிக்கிட்டுப் போ. அவசரமே இல்ல. ராத்திரிக்கு ரெண்டாம் பாகம் போடறானாம், ரிமோட்ட மட்டும் எங்கிட்டக் குடுத்துட்டுப் போ.