கனடா அப்பச்சி

மானகிரியில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய வீட்டில் கனடா அப்பச்சி ஒருவர் அநேகமாக இருப்பார். கனடாவுக்குப் போய் வந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். டொரன்டோவில் இருக்கும் மகன் குடியுரிமைத் தேர்வு எழுதப்போகிறான்; படிப்பது இவர்.

20 கேள்வியில் 15 சரியாக இருந்தால் பாஸ். அப்பச்சிக்கு அது கௌரவக் குறைச்சல். "அதென்ன பதினஞ்சு? இருவதும் வரணும்!"

முகப்பில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரைமேல் சாக்பீஸால் கனடா கிடக்கிறது, கல்லுக்கு ஒரு மாகாணமாக. நகரத்தார் கோயில் ஒன்பதையும் ஒரே மூச்சில் சொல்லுகிற மனுஷர், மாகாணம் பத்து என்றதும் திணறிப்போனார். சஸ்காச்சுவான் வாயில் நுழையவே ஒரு வாரம். கோதுமை விளைகிற பக்கம் என்று தெரிந்ததும், "அப்ப அவுக தஞ்சாவூரு" என்று பிடித்துக்கொண்டார். வடக்கே நூனவுட் தனியாகப் பிரிந்தது 1999. "நம்ம சிவகங்கை ஜில்லா பிரிஞ்சது 85. பதினாலு வருசம் பிந்திட்டாக!" ஆச்சி தரையைத் துடைக்க வந்தால் முதலில் போவதும் நூனவுட்தான்.

காலை ஆறரைக்குப் போன். அங்கே ராத்திரி ஒன்பது.

"தம்பி, மேற்கே என்ன சமுத்திரம்?"

"பசிபிக், அப்பச்சி. சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்."

"சரி, சாப்பிட்டுக்கிட்டே சொல்லு. வடக்கே?"

பையன் முகம் திரையில் அப்படியே நின்றுவிடும். சிக்னல் போய்விட்டது என்று அப்பச்சி நம்புகிறார், நானும் கெடுப்பதில்லை.

உள்ளேயிருந்து ஆச்சி: "ஒங்க ஐயா பர்மாவில மோல்மீன், பெகு, பசின்னு சுத்துனாகளே, பரீட்சையா எழுதுனாக? கடன் பாக்கியைத் தேடிப் போயே ஊரைத் தெரிஞ்சுக்கிட்டாக."

தேர்வு 18 முதல் 54 வயது வரைக்கும்தான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அப்பச்சிக்கு 68. அரைநாள் யாரோடும் பேசவில்லை. சாயங்காலக் காப்பி வந்ததும் சமாதானமாகிவிட்டார்: "அப்ப நான் எழுதாமலே பாஸ்."

மகன் 18 வாங்கித் தேறினான். தெருவுக்கே மனகோலப் பலகாரம் வந்தது. விட்டுப்போன ரெண்டு எது என்ற விசாரணை மட்டும் இன்னும் முடியவில்லை.

இளையவன் மெல்பர்னில் இருக்கிறான். அவனுக்கு அடுத்த வருஷம் தேர்வு. ஆஸ்திரேலியாவில் மாநிலம் ஆறுதான். முகப்பில் ஆறு கல்லை இப்போதே துடைத்து வைத்தாயிற்று.