ஆய்வேடு 14 சதவீதம் சிவப்பானது குறித்து

பெறுநர்: உயர்திரு இயக்குநர் அவர்கள், ஆராய்ச்சி மையம். (பல்கலைக்கழகத்தின் பெயர் எழுதவில்லை. தாங்கள்தான் என்று தங்களுக்குத் தெரியும்.)

பொருள்: இயந்திரப் பொறியியல் முனைவர் பட்ட ஆய்வேடு – ஒற்றுமை அறிக்கை – தொடர்பாக.

ஐயா,

என் ஆய்வேட்டில் 14 சதவீதம் பிறர் எழுதியதைப் போல இருப்பதாகத் தங்கள் மென்பொருள் கண்டுபிடித்திருக்கிறது. சிவப்பு அடித்த பக்கங்களைப் புரட்டினேன். பெரும்பாலும் தேய்மானச் சோதனை. எஃகுத் தட்டு சுழலும். அலுமினியக் கலவையில் செய்த ‘பின்’ என்னும் சிறு தண்டு அதன்மேல் 10, 20, 30 நியூட்டன் பாரத்தில் அழுந்தி நிற்கும். எடை எவ்வளவு குறைந்தது என்று பார்ப்போம். ஏஎஸ்டிஎம் ஜி99 தரமுறை சொல்வது இதைத்தான். எல்லாரும் ஒரே மாதிரி செய்யவேண்டும் என்றே ஏற்படுத்திய முறையை எல்லாரும் ஒரே மாதிரி எழுதித் தொலைத்திருக்கிறோம்.

1953இல் ஆர்ச்சர்டு சொன்ன தேய்மான விதியும் சிவப்பு. பாரம் கூடினால் தேய்மானம் கூடும், கடினத்தன்மை கூடினால் குறையும் என்றார் அவர். மாற்றி எழுத நான் தயார். உலோகம்தான் ஒத்துழைக்க மறுக்கிறது. பொதுச் சொற்களையும் விதிகளையும் நிலையான சமன்பாடுகளையும் கணக்கில் சேர்க்காதே என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதி சொல்கிறது. 10 சதவீதம் வரை தண்டனை இல்லை என்றும் சொல்கிறது. அந்த 10 மட்டும் தங்களிடம் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது. மற்ற வரிகள் தபாலில் தவறியிருக்கலாம்.

ஆய்விதழில் கட்டுரை வெளியிடுவது கட்டாயமில்லை என்று 2022இல் அதே குழு தளர்த்தியதையும் வளாகத்துக்குள் நுழையவிடாமல் காத்தீர்கள். நல்லதுதான். கட்டுரை போட்டுத் தருவதாக வாட்ஸ்அப்பில் வரும் தம்பிகளுக்கும் குடும்பம் இருக்கிறதே.

ஒரு சின்னக் குறை. உருகிய அலுமினியத்தில் சிலிக்கான் கார்பைடு துகளைக் கொட்டிக் கலக்கி வார்ப்பது என் ஆய்வு. துகள் லேசில் உலோகத்தோடு சேராது. முன்பே சூடேற்ற வேண்டும், கொஞ்சம் மக்னீசியம் போட வேண்டும். சேர்ந்தாலும் அது அலுமினியத்தைவிடக் கனம். கலக்குவதை நிறுத்திவிட்டு ஊற்றத் தாமதித்தால் குருசிபிளின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வார்ப்பின் ஒரு பக்கத்தில் வெட்டிய ‘பின்’ ஒரு மாதிரி தேயும், மறுபக்கத்தில் வெட்டியது வேறு மாதிரி. மின்னணு நுண்ணோக்கியில் துகள் சீராகப் பரவிய இடம் தட்டுப்படும் வரை நகர்த்தி நகர்த்திப் படம் எடுப்பது எங்கள் துறையில் ஊரறிந்த கலை.

"எந்த இடத்தில் வெட்டினாய்?" என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. டிசி (முனைவர் பட்ட ஆய்வுக் குழு) மீட்டிங்கில் கேட்டவை: இடப்பக்க மார்ஜின் ஏன் குறைவு? டகுச்சி அட்டவணை எல்9ஆ, எல்27ஆ? தலைப்பு ஏன் இவ்வளவு சின்னது? முந்திரி பக்கோடா வந்ததும் கூட்டம் திருப்தியாக முடிந்தது.

ஆகவே, சதவீதத்தைக் குறைத்துத் தருகிறேன். தட்டு வலமாகச் சுற்றியதை இடமாகச் சுற்றியதாக எழுதினால் இரண்டு சதவீதம் இறங்கும் என்று டைப்பிங் சென்டர் அண்ணன் உறுதி சொல்கிறார். அவர் கையால் தேறிய முனைவர்கள் ஏராளம். அவருக்கு வழிகாட்டி அங்கீகாரம் வழங்குவதையும் தாங்கள் பரிசீலிக்கலாம்.

இப்படிக்கு,
பகுதிநேர ஆய்வாளர்

இணைப்பு: ஒற்றுமை அறிக்கை, கட்டண ரசீது, நீளவாக்கில் அறுத்த வார்ப்பு ஒன்று (தாங்கள் கேட்கவில்லை, மேசையில் பேப்பர் பறக்காமல் வைக்க உதவும்).