அட்டாலி எலிக்கு ஒரு டப்பா

தாராளமா வாங்கு கண்ணு. நான் வேண்டாங்கலை. உன்ற சம்பளம், உன்ற தொப்பை, ஊடால நான் யாரு? தாளவாடியில இருந்து ரெண்டு மாசம் மைசூருல இருந்துட்டுப் போலாம்னு வந்த ஒறம்பரை. ஆனா வெடியால காப்பித்தூள் தேடறப்ப அந்த டப்பா கண்ணுல பட்டுருச்சு. 60 மாத்திரை, 2,400 ரூபாய். ஒரு மாத்திரை 40 ரூபாய். உங்க அப்புச்சி அஞ்சாங்கிளாசோட நின்னவன்தான், ஆனா கணக்கு மட்டும் பிசகாது.

டப்பாமேல குட்டிப் பூசணி மாதிரி ஒரு காய் படம். என்னடா காயின்னு கேட்டா, "கார்சீனியா கம்போஜியா, அமெரிக்காவுல பெரிய பேரு, கொழுப்பைக் கரைக்கும்"ங்கறே. எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. அது கொடம்புளி சாமி! மலையாளத்துக்காரங்க காயவெச்சு, புகை போட்டுக் கறுக்கவெச்சு மீன்குழம்புல போடறது. மேற்குமலைச் சரிவுல காய்க்கிற சாமான். தலைமுறை தலைமுறையா அந்தக் குழம்பை ஊத்திச் சோறு தின்னவங்க ஊர்லயும் தொப்பை இருக்குதே, பார்த்ததில்லையா?

இந்தக் கதையில உனக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். குக்கரஹள்ளி ஏரிக்கரையில என்னோட பெஞ்சுல குந்தறவரு ஒருத்தரு, ஆராய்ச்சிக்கூடத்துல இருந்து ஓய்வு பெத்தவரு. அவரு கன்னடத்துல சொல்லுவாரு, நான் தமிழ் கலந்து கேப்பேன். இந்த ஊர்ல செலுவாம்பா மாளிகையில 1950லிருந்து சி.எஃப்.டி.ஆர்.ஐ. இருக்குதே, எருமைப்பால்ல குழந்தைக்குப் பால்பவுடர் செய்ய வழி கண்டுபிடிச்ச இடம்? எருமை வளத்தவன் நான், அந்தக் கட்டடத்தைப் பார்த்தா கையெடுத்துக் கும்புடத் தோணுது. அங்க வேலை பார்த்த லூயிஸ், நீலகண்டன்னு ரெண்டு பேரு, கொடம்புளியில இருக்கற புளிப்பு எதனாலேன்னு பிரிச்சுப் பார்த்தாங்களாம். அதுவரைக்கும் அது வேற ஏதோ அமிலம்னு நினைச்சிட்டிருந்திருக்காங்க. இல்லை, இது ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம்னு 1965ல எழுதி வெச்சாங்க. உன்ற டப்பாவுல எச்.சி.ஏ.ன்னு பெரிசாப் போட்டிருக்கே, அதேதான். இந்த ஊர்லயே பேரு வெச்ச புளிப்பு, சீமை சுத்தி வந்து 2,400 ரூபாய்க்கு உன்ற அலமாரியில குந்தியிருக்குது. கல்யாணத்துக்குப் போன பையன் பொண்டாட்டியோட திரும்பி வந்த மாதிரி.

அந்த ரெண்டு பேரும் இளைக்கறதைப் பத்தி எழுதலை கண்ணு. புளிப்பைப் பத்தி எழுதினாங்க. 1969ல அமெரிக்காவுல சில பேரு, சக்கரையைக் கொழுப்பா மாத்தற ஒரு நொதியை இந்த அமிலம் தடுக்குதுன்னு கண்டாங்க. பொறவு எலிக்குக் குடுத்துப் பார்த்தாங்க. எலி தீனியைக் கொறைச்சுது, கொழுப்பும் கம்மியாச்சு. நல்ல சேதிதான், யாரு இல்லேன்னா? எலிக்கு நல்ல சேதி.

மனுசனுக்கு வேலை செய்யுதான்னு ஒழுங்காப் பார்த்தது 1998ல. அதுவும் அமெரிக்காவுலதான். குண்டா இருந்த 135 பேரு, 12 வாரம். பாதிப் பேருக்குக் கொடம்புளி மாத்திரை, மீதிப் பேருக்கு அதே மாதிரி தோற்றத்துல ஒண்ணுமில்லாத வெத்து மாத்திரை. யாருக்கு எதுன்னு தின்னவனுக்கும் தெரியாது, குடுத்தவனுக்கும் தெரியாது. ரெண்டு கட்சிக்கும் ஒரே அளவுச் சாப்பாடு. கடைசியில எடை போட்டா, கொடம்புளிக்காரங்க சராசரியா 3.2 கிலோ எறங்கியிருந்தாங்க. வெத்து மாத்திரைக்காரங்க 4.1 கிலோ. அந்த வித்தியாசம் கணக்குல சேராது, ரெண்டும் ஒண்ணுதான்னு எழுதிட்டாங்க. நம்ம பெஞ்சுக்காரரு இதைச் சொல்றப்ப நான் கேட்டேன், "அப்ப வெத்து மாத்திரை எங்க சாமி கிடைக்கும்?"னு. மனுசன் அரைமணி நேரம் சிரிச்சாரு.

எறங்கினாங்கல்ல, அது எப்படின்னு நீ கேக்கலையே? தீனியைக் கொறைச்சாங்க, எறங்குச்சு. அதை டப்பாவுல அடைச்சு விக்க முடியாது, அதனால அதுக்கு விளம்பரம் இல்லை.

நான் புளியம்பட்டிச் சந்தையில 30 வருசம் மாடு புடிச்சவன். தரகன் துண்டுக்குள்ள கையை விட்டு விரலை அமுக்கறப்பவே எவ்வளவு பொய் சொல்றான்னு தெரிஞ்சுரும். அங்க ஒரு வித்தை உண்டு. வத்தல் மாட்டுக்கு உப்புத் தண்ணி காட்டி வயித்தை ரொப்புவான், கொம்புக்கு எண்ணெய் தடவுவான், வெயில் படற பக்கமா நிறுத்துவான். உன்ற போன்ல "முன்னாடி, பின்னாடி"ன்னு ரெண்டு படம் காட்டறாங்களே, அதைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கொம்பு எண்ணெய் வாசமே வந்துருச்சு. நாங்க படத்தைப் பார்த்து மாடு வாங்கலை கண்ணு. வாயைப் பொளந்து பல்லைப் புடிச்சுப் பார்ப்போம். நடக்க விடுவோம். ஏர்ல கட்டி ஒரு சால் ஓட்டச் சொல்லுவோம். இவ்வளவு நல்ல மாட்டை நீ ஏன்டா விக்கறேன்னு கடைசியாக் கேப்போம். நீ எம்.டெக் படிச்சவன். ஒரு பல்லாவது பார்த்தயா?

டப்பாவுல 14 இலக்க எண் இருக்குதே, அரசாங்க உரிமம், பொய்யா இருக்குமாங்கறே. எண் நெசந்தான். அது ரேசன் கார்டு மாதிரி. ஆளு இருக்கான்னு சொல்லும், நாணயமான ஆளான்னு சொல்லாது. அதே டப்பாவோட அடியில, எறும்பு படிக்கற எழுத்துல ஒண்ணு இருக்குது பாரு, இது மருந்துப் பயன்பாட்டுக்கு இல்லைன்னு. மேல யானை மாதிரி "கரைக்கும்", கீழ எறும்பு மாதிரி "மருந்தில்லை". எதை நம்பறது? நானா இருந்தா எறும்பை நம்புவேன். அதுக்குத்தான் பொய் சொல்லி லாபம் இல்லை.

ஜிம்முக்குப் போற உன்ற கூட்டாளி வாளி வாளியாப் புரதப் பொடி வாங்கறானே, அவனுக்கும் சேத்துச் சொல்லு. 2024ல கேரளத்துக் கல்லீரல் மருத்துவர் சிரியாக் அபி பிலிப்ஸும் கூட இருந்தவங்களும் நம்ம நாட்டுல விக்கற 36 பொடிகளை வாங்கிச் சோதிச்சாங்க. கிட்டத்தட்ட 70 விழுக்காடு டப்பாவுல எழுதின புரத அளவு சரியில்லை. சிலதுல சொன்னதுல பாதிதான் இருந்துச்சாம். பால்ல தண்ணி ஊத்தினா நம்ம ஊர்ப் பொம்பளைங்க தெருவுல நிறுத்திக் கேப்பாங்க. பொடியில ஊத்தினா "ஆஃபர்"னு இன்னொண்ணு சேத்து வாங்கறீங்க.

சில வருசம் முன்னாடி கீட்டோ. ராகிக்களியைக் கண்டா முகத்தைத் திருப்பிக்கிட்டே. உங்க அம்மாயி அழுதுட்டா. அந்தச் சாப்பாட்டு முறை 1921ல அமெரிக்காவுல காக்காவலிப்பு வர்றவங்களுக்காக ஆரம்பிச்சது, டாக்டரு பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டது. மொத வாரத்துல 3 கிலோ எறங்கிட்டேன்னு ஊருக்கெல்லாம் போன் போட்டயே, அதுல முக்காவாசி தண்ணி. ஒடம்புல சேத்து வெச்ச சக்கரை தன்னோட மூணு பங்கு தண்ணியைப் புடிச்சு வெச்சிருக்கும். சக்கரை கரைஞ்சா தண்ணியும் போயிரும். ஈரத்துணியைப் புழிஞ்சு எடை போட்டுட்டுத் துணி இளைச்சுதுன்ன கதை. பொறவு 2023ஐ உலகமே சிறுதானிய ஆண்டுன்னு சொன்னதும், அதே ராகியைப் பிஸ்கட்டாக்கி வித்தான், நீயும் வாங்கினே. களியா இருந்தப்ப என்ன குத்தம் பண்ணுச்சு அது?

மாத்திரையே பொய்யின்னு நான் சொன்னதா நினைச்சுக்காதே. உங்க பெரியம்மாவுக்குக் கால் மதமதன்னு இருந்துச்சு. ரத்தம் எடுத்துப் பார்த்து பி12 கொறைச்சல்னாங்க, ஊசி போட்டாங்க, சரியாப் போச்சு. கொறை இருந்துச்சு, அளந்தாங்க, நிரப்பினாங்க. உனக்கு என்ன கொறைன்னு எவன் அளந்தான்? போன்ல வந்த பையன் சொன்னான். அவனுக்கு ஒரு டப்பா வித்தா எவ்வளவு தரகுன்னு கேட்டயா?

வெளையாட்டுக்குப் பேசறேன், ஒண்ணு மட்டும் நெசமாச் சொல்றேன். கொடம்புளிச் சத்து மாத்திரை தின்ன சில பேருக்குக் கல்லீரல் கெட்டுப் போனது டாக்டருங்க எழுதி வெச்ச சேதி. ஹைட்ராக்சிகட்டுன்னு ஒரு கூட்டு மாத்திரையால 23 பேருக்கு உபத்திரவம், ஒரு சாவுன்னு 2009ல அமெரிக்க அரசாங்கம் எச்சரிச்சு, கடையில இருந்து எடுக்க வெச்சாங்க. அதுல சில வகையில இதுவும் கலந்திருந்துச்சு, எது கெடுத்துச்சுன்னு பிரிச்சுச் சொல்ல முடியலை. குழம்புல ரெண்டு சுளை போடறது வேற, சத்தெடுத்துத் தினமும் முழுங்கறது வேற. ஏற்கெனவே தின்னிருந்தா டாக்டருகிட்ட மறைக்காதே. உங்கம்மா சக்கரை மாத்திரை திங்கறா, பாசத்துல அவளுக்குப் பாதி குடுத்துராதே.

டப்பாவை என்ன பண்றதுங்கறயா? ஊருக்குப் போறப்ப நான் எடுத்துட்டுப் போறேன். அட்டாலியில எலி ராகி மூட்டையை ஓட்டை போடுது. எலிக்குத்தான் தீனி கொறையும்னு நிரூபணம் ஆயிருக்குதே. கரைக்கும்னு எழுதி ஏமாத்தினவன் மேல கோவம் வந்தா 1915க்குப் போன் போடு, நுகர்வோர் உதவி எண், தமிழ்லயும் பேசலாம். என்மேல கோவம் வந்தா, மலையாளி கடையில 100 கிராம் நெசமான கொடம்புளி வாங்கி வெச்சிருக்கேன், பொழுதோட வர்றப்ப மீன் வாங்கிட்டு வா. லிஃப்டுல ஏறாதே, படியில வா.